கயிறு விடாததால் கவிழ்ந்த படகு: மெயின்ஷீட் கிளீட்டையும் கப்பிகளையும் மாற்றியது ஏன், எப்படி?

[திரையில்: மணப்பாட்டுக் கழிமுகம். பாய் தண்ணீரில் படிந்து, பக்கவாட்டில் கிடக்கும் படகு.]

வணக்கம், நண்பர்களே. இந்தப் படகு கவிழ்வதற்கு நான்கு நொடிகளுக்கு முன்பு வரை எல்லாமே சரியாக இருந்தன. பாய் கிழியவில்லை, பாய்மரம் முறியவில்லை, சுக்கான் கையில்தான் இருந்தது. ஆடி மாதத்து மேல்காற்று ஒரு வீச்சு வீசியது, முன்னால் அமர்ந்திருந்த என் மருமகன், “மாமா, கயித்த விடுங்க!” என்று கத்தினான், நானும் விடத்தான் முயன்றேன். ஆனால் கயிறு விடவில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு பற்கட்டைகள் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. இருவரும் உயிர்காப்பு உடை அணிந்திருந்தோம், தண்ணீரும் இடுப்பளவுதான் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. இதே கவிழ்ப்பு வெளிக்கடலில் நிகழ்ந்திருந்தால் இந்த வீடியோவை இவ்வளவு நிதானமாகப் பேசியிருக்க மாட்டேன்.

அந்தப் பற்கட்டைகளைப் பற்றியும், அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் கப்பிகளைப் பற்றியும்தான் இன்று பார்க்கப்போகிறோம். சிறிய பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் இதை இறுதிவரை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது எண்டர்பிரைஸ் வகைப் படகு. இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த, ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமுள்ள, இருவர் ஓட்டும் படகு. பாயின் அடியில் கிடைமட்டமாக நிற்கும் கழியைப் பூம் என்கிறோம். அந்தப் பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் கயிறுதான் மெயின்ஷீட். காற்று வலுக்கும்போது இதை விட்டால் பாய் வெளியே போய்க் காற்றை உதறிவிடும், படகு நிமிரும். தூத்துக்குடித் தோணிகளில் பாய் விரித்து ஓடிய பழையவர்கள் இதைத் தாமான் என்பார்கள். அந்தக் கயிற்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்காமல் மாட்டி வைக்கும் பொருள்தான் கிளீட்.

[திரையில்: கேம் கிளீட்டின் மிக அருகிலான காட்சி. கயிறு மெதுவாக உள்ளே நுழைகிறது.]

இப்போது இதைக் கூர்ந்து பாருங்கள். இந்த வகைக் கிளீட்டைக் கேம் கிளீட் என்பார்கள். எதிரெதிரே இரண்டு பற்கட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நடுவில் அல்லாமல் ஓரம் தள்ளி அச்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. கயிற்றை நம் பக்கம் இழுத்தால் இரண்டும் விலகி வழிவிடுகின்றன. கையைத் தளர்த்தியதும் பாய் கயிற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்போடு பற்கட்டைகளும் சேர்ந்து சுழல்கின்றன. சுழலச் சுழல அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி குறுகுகிறது. உள்ளே இருக்கும் சிறு சுருள்வில் கயிற்றைப் பிடிக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சுருள்வில் பற்களைக் கயிற்றின்மேல் தொட்டபடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிடிக்கும் வலிமையைக் கொடுப்பது கயிற்றின் இழுப்பே. காற்று எவ்வளவு வலுக்கிறதோ, அவ்வளவு இறுக்கமாகக் கிளீட் கவ்வும்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவதற்கு நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரத வீதியில் தேர் உருண்டு வரும்போது சக்கரத்துக்கு முன்னால் குனிந்து சறுக்குக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கும் தேரை, ஒருவர் கையில் தூக்கிவரும் கட்டை நிறுத்துகிறது. எப்படி? சக்கரம் கட்டையின்மேல் ஏற முயல்கிறது. ஏறும்போது தேரின் எடை முழுவதும் கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. எடை கூடக்கூடக் கட்டை நகர மறுக்கிறது. தேரை நிறுத்துவது தேரின் எடைதான். நான் சிறுவனாக இருந்தபோது என்னை மிகவும் ஈர்த்தது தேரின் உயரமோ அலங்காரமோ அல்ல, அந்தக் கட்டைதான். வீதியின் ஓரத்தில் நின்று அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன். கேம் கிளீட்டை முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்த அன்று, அந்தச் சறுக்குக்கட்டை இரண்டாகப் பிளந்து என் உள்ளங்கைக்குள் வந்து அமர்ந்ததுபோல் இருந்தது.

உதாரணம் இதோடு முடியவில்லை. சக்கரம் ஏறி அழுத்திக்கொண்டிருக்கும் கட்டையை யாராலும் கையால் உருவ முடியாது. சக்கரம் ஒரு விரற்கடை பின்வாங்கினால் போதும், கட்டை இலகுவாகக் கையோடு வந்துவிடும். கிளீட்டும் அப்படித்தான். இறுகிய கயிற்றை நேராக மேலே தூக்கினால் வராது. முதலில் உங்கள் பக்கம் சற்றே இழுத்து, பற்கள் தளர்ந்த அந்தக் கணத்தில் மேல்நோக்கிச் சுண்ட வேண்டும். இழுத்துச் சுண்டுவது என்ற இந்த ஒற்றை அசைவு, நீங்கள் படகின் எந்த மூலையில் அமர்ந்திருந்தாலும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

என் படகில் அது நடக்கவில்லை. எனக்கு முன்பு படகை வைத்திருந்தவர் கிளீட்டைப் படகின் நடுவே, பின்பக்கம் பார்த்தபடி, அசையாமல் தட்டையாக முடுக்கி வைத்திருந்தார். அமைதியான காற்றில் நடுவில் அமர்ந்து ஓட்டும்போது அது ஒழுங்காக வேலை செய்தது. காற்று வலுத்து, படகைச் சமன் செய்வதற்காக நான் விளிம்புக்கு வெளியே சாய்ந்ததும், கயிறு பக்கவாட்டில் திரும்பி ஒரு பல்லின்மேல் மட்டும் ஏறி நெருக்கியது. எவ்வளவு சுண்டியும் அது மேலே எழும்பவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். விட வேண்டிய தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் கிளீட்டின் பிடியும் உச்சத்தில் இருக்கிறது.

படகைக் கரையேற்றியபோது, தோணியில் கொழும்புக்குப் போய்வந்த ஒரு பாட்டையா கிளீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, கெட்டும்போதே அவுக்குறத நெனச்சிக் கெட்டணும்லா” என்றார். நான் வாங்கவேண்டிய பொருள் எது என்பதை அந்த ஒரு வாக்கியம் முடிவு செய்துவிட்டது.

[திரையில்: சுழல்தளமும் அதன்மேல் பொருத்திய கப்பியும். கை ஒன்று அதை இடமும் வலமும் திருப்புகிறது.]

இதுதான் நான் வாங்கியது. கீழே ஒரு சுழல்தளம், அதன்மேல் 57 மில்லிமீட்டர் ராட்செட் கப்பி, அதிலிருந்து நீளும் ஒரு கை, கையின் நுனியில் கேம் கிளீட். நான் எந்தப் பக்கம் அமர்கிறேனோ அந்தப் பக்கம் முழுத் தொகுதியும் திரும்பிக்கொள்ளும் என்பதால், கயிறு எப்போதும் பற்களுக்கு நேராகவே வருகிறது. கிளீட் இருக்கும் கையின் சாய்வையும் மாற்றிக்கொள்ளலாம். பலர் இதைக் கடையில் இருந்த நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு. விளிம்பில் வெளியே சாய்ந்து, கயிற்றை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அந்த நிலையில் கயிறு பற்களுக்குச் சற்று மேலாகத் தொடாமல் போக வேண்டும். உங்கள் கையைத் தாழ்த்தினால் மட்டும் கயிறு மாட்ட வேண்டும். சாய்வு கூடிப்போனால் நீங்கள் நினைக்காதபோது கயிறு தானாக மாட்டிக்கொள்ளும். குறைந்துபோனால் மாட்டவே மாட்டாது.

ராட்செட் கப்பியைப் பற்றி ஒரு சொல். அதன் உருளையின் பள்ளம் வழவழப்பாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கும். கயிற்றை உள்ளே இழுக்கும்போது உருளை கிளிக், கிளிக் என்று சுழலும். வெளியே விடும்போது சுழலாமல் நின்று, பட்டைகளின் உராய்வால் சுமையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். இதனால் கயிற்றைக் கையிலேயே பிடித்து ஓட்ட முடிகிறது, கிளீட்டின் தேவையே குறைகிறது. என்னைக் கேட்டால், ஒரு பொருளுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் கிளீட்டை விட்டுவிட்டு ராட்செட் கப்பியை வாங்குங்கள் என்பேன். கயிற்றைத் தலைகீழாகக் கோத்துவிட்டால் எல்லாம் எதிராக நடக்கும் என்பதால், இழுக்கும்போது கிளிக் சத்தம் வருகிறதா என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.

மற்றக் கப்பிகளுக்கு வருவோம். கிணற்றில் தொங்கும் ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர, வாளியின் எடையைக் குறைக்காது. பூமில் ஒன்றும் கீழே இரண்டுமாகக் கயிற்றைக் கோத்து, அதன் நுனியைப் பூமிலேயே கட்டினால், மூன்று இழைகள் பூமைத் தாங்குகின்றன. பத்துக் கிலோ இழுப்பு முப்பது கிலோ ஆகிறது. ஏட்டுக்கணக்கு அப்படி. ஒவ்வொரு உருளையும் நூற்றுக்குப் பத்துப் பங்கை உராய்வில் விழுங்குவதாகக் கொள்ளுங்கள்: அந்த முப்பது, இருபத்து நான்கரைக்குக் கீழே இறங்கிவிடும். நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே விழுங்கும் நல்ல கப்பியானால் இருபத்தெட்டுக்கு மேல் கிடைக்கும். கயிறு கனக்கிறது என்றதும் இன்னொரு கப்பியைச் சேர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு, நான் உடன்படவில்லை. இழை கூடினால் இழுக்க வேண்டிய கயிறும் கூடும், விடும்போது ஓட வேண்டிய கயிறும் கூடும். பழைய கப்பி மெல்லிய காற்றில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: கயிற்றை முழுவதும் விட்ட பிறகும் பூம் வெளியே போகாமல் தயங்கி நிற்கும்.

ஆகவே இழைகளின் எண்ணிக்கையை மாற்றாமல், தேய்ந்த கப்பிகளை பால் பேரிங் கப்பிகளாக மாற்றினேன். இவற்றில் உள்ள குண்டுகள் எஃகு அல்ல, பிளாஸ்டிக். அமெரிக்காவின் ஹார்க்கன் சகோதரர்கள் 1960-களின் பிற்பகுதியில் பரப்பிய யோசனை இது. எடை குறைவு, துருப் பிடிக்காது, எண்ணெயும் வேண்டாம்.

எண்ணெய் வேண்டாம் என்பதை நம் கரைக்காரர்கள் அழுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். உவரி முதல் மணப்பாடு வரை மணலில் ஆங்காங்கே செந்நிறத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாளில் ஒட்டுவதற்கும், உலோகத்தை நீர்ப்பாய்ச்சி அறுப்பதற்கும் பயன்படும் அதே கார்னெட்தான். எண்ணெய் தடவிய கப்பியில் இந்த மணல் ஒட்டிக்கொண்டால், கப்பிக்கு உள்ளேயே உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரை ஊற்றி, உருளையைச் சுழற்றிக் கழுவுங்கள், அதுவே போதும்.

பொருத்துவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கிளீட்டின் துளைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வழக்கமான அளவு 38 மில்லிமீட்டர், சிறியதற்கு 27. மரத்திருகு வேண்டாம், ஊடுருவிச் செல்லும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், அடியில் ஒரு தாங்குபலகையும், நழுவாத நட்டும் போடுங்கள். கயிறு 8 மில்லிமீட்டர் பாலியெஸ்டராக இருக்கட்டும். வலைக்கடையில் எளிதாகக் கிடைக்கும் நைலான் கயிறு நீளும், மெயின்ஷீட்டுக்கு ஆகாது.

[திரையில்: கரையில் நிற்கும் படகு. பூமைப் பிடித்து முழு எடையோடு பின்னால் சாயும் இளைஞன்.]

தண்ணீரில் இறக்குவதற்கு முன்பு இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். என் மருமகன் பூமைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் கொடுத்துச் சாய்ந்தான். நான் கயிற்றை மாட்டிவிட்டு, விளிம்புக்கு வெளியே உடலைக் கிடத்தி, வலக்கையால் பத்து முறை, பக்கம் மாறி இடக்கையால் பத்து முறை விடுவித்தேன். ஏழாவது முறை கயிறு சிக்கியது. கிளீட்டின் கையை ஒரு துளை கீழே இறக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ணினோம். இருபதும் சரியாக வந்த பிறகுதான் படகைத் தள்ளினோம். அன்று பிற்பகல் அதே மேல்காற்று அதே இடத்தில் எங்களை அடித்தது. நான் மணிக்கட்டைச் சுண்டினேன், கயிறு கைக்குள் சூடாக ஓடியது, பூம் வெளியே போனது, படகு நிமிர்ந்தது. மருமகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.