எண்ணெய் எந்தப் பாறையிலிருந்து வந்தது?

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே மசகு எண்ணெயின், அதாவது நிலத்தடியிலிருந்து எடுத்த சுத்திகரிக்காத எண்ணெயின், பூர்வீகத்தைப் பற்றிய பேச்சைக் கிணற்றடியிலிருந்தே தொடங்குகிறேன்.

தண்ணீரில் வானவில் நிறப் படலம் கண்டால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியாவின் வேலை. சுழன்று மறுபடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம். பிளாஸ்டிக்கில் சேர்த்த பொருட்கள் எண்ணெயில் கரையும், எண்ணெயும் போத்தலின் சுவரில் ஒட்டும். கபில நிறக் கண்ணாடிப் போத்தல், மூடிக்குள் அலுமினியத் தாள், ஐஸ் பெட்டி. திரும்பச் சொல்கிறேன், கண்ணாடிப் போத்தல். இதில் பிழைத்தால் பிறகு எவ்வளவு விலையான கருவியும் கைகொடுக்காது.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் மசகு எண்ணெய்க்கும் இதே கவனம்தான். ஆய்வுகூடத்தில் அதனோடு ஏறத்தாழ 40 மடங்கு ஹெக்சேன் கலந்தால் தார் போன்ற அஸ்பால்ற்றீன் அடியில் படியும். மிச்சத்தைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் ஊற்றினால், ஹெக்சேனோடு முதலில் இறங்குவது நிரம்பிய ஐதரோகாபன்கள், அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாத காபன், ஐதரசன் சேர்வைகள். எண்ணெய் எதிலிருந்து வந்தது என்று சொல்லும் சாட்சிகள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன.

1934 இல் ஜேர்மானிய வேதியியலாளர் அல்பிரெட் ட்றைப்ஸ், எண்ணெயில் பச்சையத்தின் எச்சமான போபிரின்களைக் கண்டார். எண்ணெய் உயிரினங்களிலிருந்து வந்தது என்பதற்கு அது உறுதியான ஆதாரம். இன்று பார்ப்பது, பழைய உயிர்க்கலங்களின் கொழுப்பிலிருந்து மிஞ்சிய மூலக்கூறுகளான ஸ்ரெரேன்களையும் ஹோப்பேன்களையும். 27 காபன் ஸ்ரெரேன் மிகுந்தால் கடற்பாசி வழி, 29 மிகுந்தால் பெரும்பாலும் நிலத்தாவர வழி. ஹோப்பேன் பற்றீரியாவின் மிச்சம். ஒலியனேன் இருந்தால் பூக்கும் தாவரங்கள் பங்களித்திருக்கின்றன, ஆகவே எண்ணெய் உருவான மூலப்பாறை, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரேத்தேசியக் காலத்தது அல்லது அதற்குப் பிந்தியது. ஆனால் ஒலியனேன் இல்லையென்பதால் பாறை பழையது என்று முடிவு கட்டக்கூடாது.

பிரிஸ்ரேன், பைற்றேன் என்ற இரு கிளைச்சங்கிலி ஐதரோகாபன்களின் விகிதத்தைப் பலர் வேதவாக்காக எடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. 3 ஐத் தாண்டினால் நிலத்துச் சேதனப் பொருள், 0.8 இற்குக் கீழ் என்றால் ஒட்சிசன் இல்லாத நீரடித் தளம் என்று ஓரளவு சொல்லலாம். இடைப்பட்ட எண் தனியே எதையும் சொல்லாது. கந்தகம், நிக்கல், வனேடியம், காபன் சமதானிகள் (திணிவில் மட்டும் வேறுபடும் காபன் அணுக்கள்) எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கந்தகம் மிகுந்த எண்ணெய் பெரும்பாலும் சுண்ணக்கல் மூலப்பாறையைக் காட்டும்.

இன்னொரு சிக்கல், பற்றீரியா எண்ணெயைத் தின்பது. நேர்ச்சங்கிலி ஐதரோகாபன்கள் முதலில் போகும், பிரிஸ்ரேனும் பைற்றேனும் பின்னால் போகும், ஹோப்பேனும் ஸ்ரெரேனும் கடைசிவரை தாங்கும். அதனால் பழசுபட்ட மாதிரியில் நிறத்தையும் பாரத்தையும் நம்பாமல் இவற்றை நம்புங்கள். நம் கிணற்றுக்கும் இது பொருந்தும். டீசலில் ஹோப்பேன் ஏறக்குறைய இராது, ஹோப்பேனின் கொதிநிலை உயர்வு. ஹோப்பேன் தெளிவாகத் தெரிந்தால் எஞ்சின் ஒயிலையோ உலை எண்ணெயையோ தேடுங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். காவேரிப் படுகையைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததை விட்டுவிடுகிறேன். மன்னாரைப் பற்றி ஒரு சொல்: 2011 இல் அங்கே கிடைத்தது இயற்கை வாயு. வாயுவில் இந்தப் பெரிய மூலக்கூறுகள் இராது. வாயுவின் பூர்வீகத்தை அறிய அங்கே மெதேனின் காபன் 13, காபன் 12 விகிதத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும். வணக்கம்.