169.254 என்று தொடங்கும் முகவரி என்ன சொல்கிறது?

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று வந்து நின்றால், நம்மில் பலரும் முதலில், கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடுகிறோம். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் காணொளி. பாதிக்கப்பட்ட கணினியிடம் இப்போது எந்த முகவரி இருக்கிறது என்று பார்த்தாலே, கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

இதோ, திரையில் விண்டோஸ் கணினி ஒன்றின் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் கட்டளையை ஆல் என்ற ஸ்விட்சோடு கொடுத்திருக்கிறேன். நாம் பார்க்க வேண்டியவை ஐபி முகவரி, டீஃபால்ட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி), டிஹெச்சிபி சர்வர் ஆகிய மூன்று வரிகள். இந்தக் கணினியில் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. டீஃபால்ட் கேட்வே வரி காலியாக இருக்கிறது, டிஹெச்சிபி சர்வர் வரியே இல்லை. முகவரி கேட்டு இந்தக் கணினி தன் நெட்வொர்க்கில் எல்லோருக்குமாக அனுப்பிய பிராட்காஸ்டுக்கு எங்கிருந்தும் பதில் வராததால், அது தனக்குத்தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

பதில் வராதது ஒரே ஒரு கணினிக்கு என்றால், சர்வரை விட்டுவிட்டு கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் பாருங்கள். போர்ட் தவறான விலானில், அதாவது ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த வேறொரு தனி நெட்வொர்க்கில், இருக்கலாம். அல்லது ஸ்விட்சுகளுக்கிடையே சுழல் பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ காரணமாக, கேபிள் செருகியதும் அந்தப் போர்ட் சுமார் 30 விநாடிகள் தரவு எதையும் கடத்தாமல் காத்திருக்க, அதற்குள் கணினி கேட்டுக் களைத்துவிட்டிருக்கலாம். கணினிகள் மட்டும் இணையும் போர்ட்டுகளில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டை இயக்கினால் இது தீர்ந்துவிடும். கட்டிடத்தின் ஒரு தளம் முழுவதும் இப்படி என்றால், ரிலே அமைப்பைச் சந்தேகியுங்கள். பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது என்பதால், வேறு விலானில் இருக்கும் சர்வருக்கு அந்தக் கோரிக்கையை ஏந்திச் செல்ல ரிலே வேண்டும். புதிதாக விலான் உருவாக்குபவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

அலுவலகம் முழுவதற்குமான சர்வரே நின்றுபோனாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் சர்வரில் லீஸ் காலம், அதாவது கொடுத்த முகவரியைக் கணினி வைத்திருக்கக்கூடிய காலம், வழக்கமாக 8 நாட்கள். கணினி அதில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும், பதில் இல்லாவிட்டாலும் லீஸ் முடியும்வரை அதே முகவரியில் வேலை செய்யும். எனவே சர்வர் நான்கைந்து நாட்களுக்கு முன்பே நின்றிருக்க, புகார் இன்று ஒன்றிரண்டாக வரத் தொடங்கலாம். புகார் வந்த நேரத்தை மட்டும் வைத்து, இன்று காலையில் என்ன மாறியது என்று தேடுவது நம்மைத் தவறான பாதையில் கொண்டுபோய்விடும்.

இனி, என் பார்வையில் இருப்பதிலேயே அதிகம் அலைக்கழிக்கும் கோளாறுக்கு வருகிறேன். கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறது. ஆனால் அலுவலக முகவரிகள் 10 என்று தொடங்கும்போது, இதில் மட்டும் 192.168.1 என்று தொடங்குகிறது. கூட்ட அறையில் வைஃபை சரியாக இல்லை என்று யாரோ ஒரு சிறிய ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டைச் சுவரில் இருந்த சாக்கெட்டில் செருகிவிட்டால் இப்படித்தான் ஆகும். அந்த ரவுட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். பொதுவாக எந்தச் சர்வரின் பதில் முந்துகிறதோ அதையே கணினி ஏற்றுக்கொள்வதால், அருகருகே அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு நெட்வொர்க் இருக்கும், மற்றவருக்கு இருக்காது.

நான் சொன்ன மூன்றாவது வரி இங்கேதான் கைகொடுக்கிறது. டிஹெச்சிபி சர்வர் என்ற இடத்தில் இருக்கும் அந்நிய முகவரிக்கு, பாதிக்கப்பட்ட அதே கணினியிலிருந்து பிங் கொடுத்து, எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்று காட்டும் ஏஆர்பி அட்டவணையில் அதன் மேக் முகவரியை (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) எடுங்கள். பிறகு ஸ்விட்சின் மேக் அட்டவணையில் அதைத் தேடினால் போர்ட் எண் கிடைக்கும். அந்தப் போர்ட் இன்னொரு ஸ்விட்சுக்குச் செல்லும் அப்லிங்காக இருந்தால், அந்த ஸ்விட்சிலும் இதேபோல் தேட வேண்டும். கண்டுபிடித்து அகற்றியதோடு நிற்காமல், டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்குங்கள். நம்பகமானவை என்று நாம் குறித்த போர்ட்டுகளின் வழியே வரும் சர்வர் பதில்களை மட்டுமே ஸ்விட்ச் அதன்பின் அனுமதிக்கும். அப்லிங்க் போர்ட்டை அப்படிக் குறிக்க மறந்தால் ஒரு தளமே முகவரியின்றி நிற்கும் என்பதால், இதை அலுவலக நேரத்துக்குப் பிறகு செய்வதே நல்லது.

சர்வர் இயங்குகிறது, அந்நிய ரவுட்டர் எதுவும் இல்லை, ஆனாலும் புதியவர்களுக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் ஸ்கோப், அதாவது சர்வர் கொடுப்பதற்கென ஒதுக்கிய முகவரித் தொகுப்பு, நிரம்பியிருக்கலாம். 24 பிட் சப்நெட்டில் பயன்படும் முகவரிகள் 254 மட்டுமே. விருந்தினர் வைஃபையிலும் 8 நாள் லீஸ் கொடுத்தால், அரைமணி நேரம் வந்துபோனவரின் கைபேசிக்குக் கொடுத்த முகவரி ஒரு வாரத்துக்கும் மேலாக முடங்கிக் கிடக்கும். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் மெய்யான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அது மாறும்போதெல்லாம் சர்வரின் கணக்கில் அதே கைபேசி புதிய ஆளாகிவிடுகிறது. விருந்தினர் ஸ்கோப்புக்குச் சில மணி நேர லீஸே போதும்.

ஆனால், குறைத்த லீஸ் காலம் பழைய லீஸ்களுக்கு உடனே பொருந்தாது. கைபேசி புதுப்பிக்க வரும்போதுதான் புதிய காலம் அதற்குக் கிடைக்கும். திரும்பி வராத கைபேசியின் லீஸ் தன் பழைய காலம் முடிந்தே விடுபடும். அவசரப்பட்டு எல்லா லீஸ்களையும் அழித்தால், பயன்பாட்டில் உள்ள முகவரியே இன்னொருவருக்கும் போய்விடக்கூடும். கட்டிடத்தில் இப்போது இல்லாத சாதனங்களின் லீஸ்களை மட்டும் பார்த்து நீக்குங்கள்.