மெட்டும் மேடையும்

(மதுரையில் மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் பேசியது)

அவைத்தலைவர் ஐயா அவர்களே, மகள் நிச்சயதார்த்த வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்த மாசி வீதி அண்ணன் அவர்களே, பெற்றோர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கற்பிக்கும் முறை, கருவி, மேடை. இந்த மூன்றைப் பற்றியும் பேச வந்தேன்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். என்னைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும், இதைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு வராது.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு பையன் என்னிடம் வீணை கற்க வருகிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. வீணையில் 24 மெட்டு, அதாவது தந்திக்குக் கீழே வரிசையாக நிற்கும் உலோகக் கட்டைகள். தந்தியை மீட்டாமல், மெட்டுகளை மட்டும் விரலால் எண்ணி ஏறி இறங்கச் சொன்னேன். அப்புறம் என் கைமேல் அவன் கையை வைத்து, கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வாசிக்க, தந்தி எவ்வளவு வளைகிறது என்று காட்டினேன். மெட்டுகளை மெழுகில்தான் பதித்திருப்பார்கள். மதுரைச் சித்திரை வெயிலைக் கேட்க வேண்டுமா? மாடி அறை, கரண்ட் வேறு இல்லை. காலையிலிருந்து நாலு பேர் அதே வீணையை வாசித்துவிட்டுப் போனார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. இவன் உட்கார்ந்தான், விரலை ஓட்டினான். "சார், ஆறாவது மெட்டு லேசாச் சாஞ்சிருக்கு" என்றான். குனிந்து பார்த்தால் மெழுகு இளகி, மெட்டு ஒரு நூல் தள்ளி நிற்கிறது! அம்மி நகர்ந்ததோ இல்லையோ, மெட்டு நகர்ந்துவிட்டது. (கைதட்டல்)

கண் தெரியாத பிள்ளைக்கு வீணை எதற்கு என்று கேட்கும் மாமாக்களுக்கு ஒரு வார்த்தை: வயலின் மேதை எம்.சந்திரசேகரன் குழந்தையிலேயே பார்வையை இழந்தவர். அம்மா சாருபாலா மோகன்தான் குரு. 2005-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வாங்கியவர்.

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, மேடைக்கு வருகிறேன்.

எங்கள் வயலின் மாணவி ஒருத்தி சக்கர நாற்காலியில் வருபவள். ஒரு கல்யாண மண்டபத்தில் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றினார்கள். பட்டுப்பாவாடை சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. மொத்தச் சபையும் பார்க்கிறது. வர்ணம் ஆரம்பிக்கும்போது வில் நடுங்கியது. சாதகம், அதாவது பயிற்சி, போதாது என்றார் ஒரு பெரியவர். சாதகமா போதவில்லை? சாய்தளம் இல்லை ஐயா!

பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்குச் சக்கர நாற்காலி ஏறும் இந்தச் சரிவுப் பாதை மாதிரி வசதி வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி மேடைக்கு 36 அடி. இடமில்லை என்கிறார்கள். ஐஸ்கிரீம் ஸ்டாலுக்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது?

மண்டப உரிமையாளர்களுக்குப் போன வருஷம் கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை. அடிமேல் அடி என்று மறுபடி எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது, சாப்பிடப் போகும் வழியில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.