பின் டிரம் பிரேக் ஒட்டுகிறதா? கழற்றுவதற்கு முன் நிப்பிளைத் திறந்து பாருங்கள்

வணக்கம் மக்களே. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், காரை ஏற்கெனவே தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தாயிற்று. இது இடது பின் சக்கரம். கையால் சுற்றுகிறேன், பாருங்கள். லேசாக ஓர் உரசல் சத்தம், இரண்டு சுற்று ஓடி நிற்கிறது. டிரம் பிரேக்கில் இந்தச் சின்ன உரசல் இருக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். இப்போது வலது பக்கம் வாருங்கள். இரண்டு கையையும் போட்டு இழுத்தால்தான் அசைகிறது, கையை எடுத்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. பிரேக்கை யாரும் மிதிக்கவில்லை, ஹேண்ட் பிரேக்கும் போடவில்லை.

கார் 1999 மாடல் மாருதி 800, அப்பாவுடையது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நாங்கள் இருப்பது தூத்துக்குடி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் இந்தக் கார் நான்கு நாள் சக்கரம் முழுகத் தண்ணீரில் நின்றது, அதுவும் ஹேண்ட் பிரேக் போட்டபடி. தண்ணீர் வடிந்ததும் இன்ஜின் ஆயில் மாற்றினோம், சீட்டுகளைக் கழற்றி மொட்டை மாடியில் காயவைத்தோம், கார்ப்பெட்டைத் தூக்கிப் போட்டோம். டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் திருநெல்வேலி போகும்போது வாகைக்குளம் டோல்கேட்டில் வண்டி நின்றதும் ரப்பர் கருகியது மாதிரி ஒரு வாடை. முன்னால் நின்ற லாரியின் வாடை என்றுதான் நினைத்தேன். தாண்டி ஓரம்கட்டி, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் வலது பின் டிரம்மில் தெளித்தேன், தோசைக்கல்லில் தெளித்தது போலச் சொய்யென்று பறந்தது. இடது பக்கம் தெளித்தால் ஈரமாக வழிந்தது, அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் பிரேக் விடவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து கையை வைத்துப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

அதற்கப்புறம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று முறை காட்டினேன். மூன்று முறையும் ஒரே வைத்தியம்தான்: லிவருக்கு அடியில் இருக்கும் நட்டைத் தளர்த்தி ஹேண்ட் பிரேக் கேபிளை லூஸ் பண்ணி அனுப்பினார்கள். பத்து நாள் நன்றாக ஓடும், மறுபடியும் அதே வாடை. கடைசியில் ஹேண்ட் பிரேக்கை மேலே முட்டும் வரை இழுத்தாலும் வண்டி சரிவில் நகர்ந்தது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லூஸ் பண்ணுவது ரிப்பேர் ஆகாது. எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் லூஸ் பண்ணினால் உங்களுக்கு ஹேண்ட் பிரேக்கும் போய்விடும், கோளாறும் அப்படியே இருக்கும்.

சரி, எங்கே பிடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஒரு விஷயம், ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வந்ததும் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, பின்பக்கம் தூக்கி ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் கை விடாதீர்கள். ஆறவைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் சில சமயம் தானாகவே விட்டிருக்கும், அப்புறம் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது டிரம்மின் உள்பக்கத்தை மூடியிருக்கும் தகடான பேக் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளீடிங் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, அரைச் சுற்று திறக்க வேண்டும். ஒரு சின்ன ட்யூப் மாட்டி பாட்டிலில் விட்டுக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். திறந்ததும் ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் லகுவாகிவிட்டால், டிரம்முக்கு வெளியே எங்கேயோ அழுத்தம் சிக்கி நிற்கிறது. பெரும்பாலும் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஊதிப்போய் துவாரம் குறுகியிருக்கும். காலால் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரும்போது அதைத் தள்ளுவதற்கு ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் பலம் மட்டும்தான், அது போதாது. நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் ஹோஸைப் பார்க்க வேண்டாம், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பெடலில் கொஞ்சம்கூட ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன் இருக்கும் சும்மா அசைவு, இல்லாமல் இருந்தாலே ஆயில் தொட்டிக்குத் திரும்பும் வழி அடைபட்டு நான்கு சக்கரமும் இறுகிவிடும்.

என் காரில் நிப்பிளைத் திறந்தேன், இரண்டு சொட்டு கசிந்தது, சக்கரம் அசையவில்லை. ஆக ஹோஸும் இல்லை, மாஸ்டர் சிலிண்டரும் இல்லை. அடுத்து லிவர் பக்கம் கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்தினேன். அப்போதும் அசையவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். நட்டைத் தளர்த்தியும் விடவில்லை என்றால் கேபிளில் குறை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கேபிள் தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தால், முன்பக்கம் தளர்த்தியது பின்பக்கத்துக்குப் போய்ச் சேரவே சேராது. அதனால் டிரம்மைத் திறந்து அந்த முனையில் பார்த்தே ஆக வேண்டும்.

டிரம் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பேக் பிளேட்டில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கிறது பாருங்கள், அதை எடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை விட்டு ஷூவை, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டையை, தளர்த்திக்கொள்ளலாம். அப்புறம் ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுங்கள். இரும்புச் சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு விண்டுவிடும்.

வந்துவிட்டது. உள்ளே பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கிறதே, அது பிரேக் தூசி மட்டும் இல்லை, வெள்ளத்தில் வந்த களிமண் காய்ந்து, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் பொடியோடு சேர்ந்து இறுகியிருக்கிறது. நகத்தால் கீறினால் பத்தை பத்தையாக வருகிறது. இதைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்போது கேபிள் முனையை ஷூ லிவரிலிருந்து கழற்றுகிறேன்... கேட்டதா அந்தச் சத்தம்? டக்கென்று லிவர் உள்ளே போய்விட்டது, ஷூ இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துவிட்டன. இவ்வளவு நாளும் இதைப் பிடித்து வைத்திருந்தது இந்தக் கேபிள்தான். பிளையரால் இழுக்கிறேன், வரவில்லை. உறையின் வாயில் பழுப்பாகத் துருத் தண்ணீர் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கிறது. இதில் எண்ணெய் ஊற்றிப் பிழைக்க வைக்கலாம் என்று சொல்வார்கள், இரண்டு வாரம் ஓடும், அவ்வளவுதான். உப்பளக் காற்று அடிக்கிற ஊரில் இது போனால் போனதுதான், புதுசு போடுங்கள்.

கேபிளோடு நிறுத்திவிடாதீர்கள். பேக் பிளேட்டில் ஷூ உரசி நகரும் மேடுகள் இருக்கின்றன. இதில் விரலை ஓட்டிப் பார்த்தேன், நகம் ஒரு பள்ளத்தில் விழுகிறது. ஷூவின் விளிம்பே அறுத்துப் போட்ட பள்ளம். ஷூ வெளியே போகும்போது இதில் விழுந்து திரும்பி வர முடியாமல் நின்றுவிடும். அரத்தால் சமப்படுத்தி, உப்புத்தாள் போட்டு, சூடு தாங்கும் கிரீஸை அரிசி அளவு மட்டும் தொட்டு வையுங்கள். அதிகம் வைத்தால் உருகி லைனிங்கில் ஏறிவிடும், அப்புறம் பிரேக்கே பிடிக்காது.

ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். வலது பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது. இடது பக்கம், நாம் நன்றாகச் சுற்றுகிறது என்று பார்த்தோமே, அதைத் திறந்தால் ரப்பருக்குள் சேற்றுத் தண்ணீர், பிஸ்டனில் துருப் புள்ளிகள். இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் அதுவும் இறுகியிருக்கும். சிலிண்டரை முழுசாக மாற்றிவிட்டேன். பிரேக் பாகங்களை டீசலில் கழுவும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதை மட்டும் செய்யவே கூடாது. டீசலோ பெட்ரோலோ கிரீஸோ பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் ஊதிவிடும், நீங்களே புதிதாக ஒரு ஒட்டலை உண்டாக்கிவிடுவீர்கள். பிரேக் ஆயில் தொட்டுத் துடைத்தால் போதும்.

பிரேக் ஆயிலையும் முழுக்க மாற்றுங்கள். டாட் 3 வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறினபின் அந்த அளவு 140 டிகிரிதான். ஒட்டிக்கொண்டு கொதிக்கும் டிரம்முக்கு அந்த 140 பெரிய விஷயமே இல்லை, ஆயில் கொதித்து ஆவியானால் மிதித்த பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

மாட்டும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறங்கள், ஸ்பிரிங் எது எங்கே என்று சந்தேகம் வந்தால் பார்க்க இன்னொன்று இருக்கும். டிரம்மைக் கழற்றி வைத்திருக்கும்போது வீட்டில் யாரும் பெடலை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். எல்லாம் மாட்டியபின் நாலைந்து முறை பெடலை மிதித்து ஷூவை அதன் இடத்தில் உட்கார வையுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை டைட் பண்ணுவது கடைசி வேலை. அதை முதலில் செய்தால் ஷூ பாதி திறந்தே நிற்கும், மறுபடியும் ஒட்டும்.

மழையில் நிறுத்திவிட்டுக் காலையில் எடுக்கும்போது டக்கென்று ஒரு சத்தத்தோடு நகர்கிறதென்றால், அது ராத்திரி பிடித்த மேல் துரு, இரண்டு மிதியில் போய்விடும். பல நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

நேற்று அப்பாவை உட்கார வைத்து வல்லநாடு வரை போய்வந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டீக்கடையில் நிறுத்தியதும் அவரே இறங்கிப்போய்ப் பாட்டில் தண்ணீரை இரண்டு பின் சக்கரத்திலும் தெளித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் வழிந்தது. "அந்தப் பக்கமும் ஒரு தடவை ஊத்துறேன்" என்று மறுபடியும் ஊற்றினார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஐந்தாவது கிளிக்கில் வண்டி நின்றது.