உபயம் எழுத இடமில்லாத செலவு

வணக்கம் மக்களே! என் கையில் இருக்கிற ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். டயாலிசிஸ், அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்கிற சிகிச்சை, அதற்கு வருகிறவர்களின் வழிச்செலவுக்காக.

"அதுதான் முதலமைச்சர் காப்பீட்டில் இலவசமாச்சே" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். சரிதான், கார்டு இருந்தால் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். முடிந்து எழும்பும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த உடம்போடு பேச்சிப்பாறை பஸ்ஸில் இடிபட்டு நிற்க முடியுமா? ஆட்டோ பிடித்தே ஆக வேண்டும். கூட வருகிறவருக்கு அன்றைக்குக் கூலி போச்சு, மதியச் சாப்பாடு வேறு. இந்தச் செலவுக்குப் பயந்து ஒரு தடவை வராமல் இருந்தால் உடம்பில் நீர் கோர்க்கும், மூச்சு முட்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். மெஷின் இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஆள் வந்துசேர வழியில்லை. எனக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கொடுக்கிற மனசுக்குக் குறைவே இல்லை. ஆஸ்பத்திரி ஃபேன், பெஞ்ச், கடிகாரம் என்று எதைப் பார்த்தாலும் உபயம் என்று ஒரு பெயர் இருக்கும். அதெல்லாமும் வேண்டியதுதான். ஆட்டோக் கூலியில் பெயர் எழுத இடமில்லை, அதனால் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைக்கிற பிடியரிசி வழக்கம் நம்ம பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் உண்டல்லவா? அது மாதிரிதான் மாதம் 50 ரூபாய் கேட்கிறோம். ஒரே தடவை பெருந்தொகை தருவதைவிட இது நல்லது, ஏனென்றால் டயாலிசிஸ் ஒரு மாதத்தோடு முடிகிற காரியம் இல்லை.

ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையில் விசைப்படகில் மீன்பிடிக்கத் தடை. அந்த நேரத்தில் குளச்சல் பக்கம் போய் யாரிடமும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்றால் குலசேகரம் பக்கமும் அப்படியே. இல்லாதவர் வாசலில் போய் நிற்பது தர்மம் இல்லை.

அப்புறம், தொண்டர்கள் யாருடைய சொந்த நம்பருக்கும் ஜிபே பண்ணாதீர்கள். ஆஸ்பத்திரி பெயரில் உள்ள கியூஆர் கோடு மட்டும்தான். ரொக்கம் தந்தால் நின்று ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கேட்பவர்கள் கவனிக்க: 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்த விலக்கு கிடைக்காது.

ஆட்டோ ஓட்டுகிற அண்ணன்மாரே, நீங்கள் பணமே தர வேண்டாம். வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒரு ஆளை ஏற்றிக்கொண்டால் போதும். எந்த ஊர், எந்தக் கிழமை என்று கமெண்டில் எழுதுங்கள். போன் நம்பரை அங்கே போடாமல் மெசேஜில் அனுப்புங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்.