பெண்ணியம் என்றால் ஆண்களுக்கு எதிரானதா?

[பேசுபவர் நேராக கேமராவைப் பார்த்து]

வணக்கம். "ஆணும் பெண்ணும் சமம்தான், ஆனா நான் பெண்ணியவாதி எல்லாம் கிடையாது." இதைச் சொல்கிற நிறைய பேரோடு நான் பேசியிருக்கிறேன், நல்ல மனிதர்கள்தான், பெண்ணியம் என்றதும் ஆண்களை மட்டம் தட்டுவது என்று மனதில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆணாதிக்கத்தைத் திருப்பிப் போட்டால் வருவது பெண்ணாதிக்கம். பெண்ணியம் கேட்பது யாருடைய ஆதிக்கமும் வேண்டாம் என்று.

[திரையில்: 1972]

சரி, எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஓர் ஆசிரியை பிரசவத்தில் இறந்துபோகிறார், குழந்தை பிழைத்துக்கொள்கிறது. குழந்தையோடு வீட்டில் இருந்து தானே வளர்க்க நினைக்கும் கணவர் அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகையைக் கேட்கிறார், அதற்காக மனைவியின் சம்பளத்தில் மாதாமாதம் பணம் பிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்குத்தான் அந்தத் தொகை, மனைவியை இழந்த ஆணுக்குக் கிடையாது என்கிறது சட்டம். பிள்ளையைப் பார்ப்பது அம்மா, சம்பாதிப்பது அப்பா என்ற நினைப்பில் எழுதிய விதி அது. இதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள்: அந்தப் பெண் உழைத்துக் கட்டிய பணத்துக்கு மதிப்பில்லை, அந்த அப்பாவுக்குப் பிள்ளையோடு இருக்க வழியில்லை.

இந்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை எடுத்து நடத்தியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், பெண்ணுரிமைக்காகவே வாதாடிவந்தவர், பின்னாளில் அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆனவர். வாதாடும்போது அந்த அப்பாவை வழக்கறிஞர்கள் மேசையில் தன்னோடு உட்காரவைத்தார். 1975-ல் நீதிபதிகள் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள்.

'ஆண்களுக்கு எதிரானது' என்று யாராவது சொன்னால் நான் விளக்கம் எதுவும் கொடுப்பதில்லை, இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

[திரையில்: 1968]

அப்புறம், பெண்ணியவாதிகளை 'உள்ளாடையை எரித்தவர்கள்' என்று கேலி செய்வார்களே, அந்தக் கதை. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் அழகிப் போட்டியை எதிர்த்த பெண்கள் உள்ளாடை, துடைப்பம், பாத்திரம் என்று ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார்கள். எதையும் எரிக்கவில்லை என்று அதை நடத்தியவர்களே சொல்லிவிட்டார்கள், ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் பேசும்போது நான் பிடித்துக்கொள்வது ஒரு சொல்லை: 'உதவி'. "நானும் அவளுக்கு வீட்டு வேலையில் உதவி செய்றேனே" என்று ஒருவர் பெருமையாகச் சொல்வார். உண்மையாகவே செய்கிறவராகத்தான் இருப்பார். அவரிடம் "அப்போ அது யாருடைய வேலை?" என்று மட்டும் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எதிராளியை மடக்குவதற்காகக் கேட்டால் அவர் சண்டைக்கு வருவார், தெரிந்துகொள்ளக் கேட்டால் யோசிப்பார். அன்றைக்கே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது நடக்காது.

[திரையில்: 1959, பிறகு 1971]

சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-ல் ஆண்களிடம் மட்டும் வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். 12 ஆண்டுகள் கழித்து அதே கேள்வி மறுபடி வந்தது, இந்த முறையும் வாக்களித்தது ஆண்கள் மட்டும்தான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்றார்கள்.