கோடரியோடு நின்ற ஆள்

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேஜிக்காரர் ஹூடினியைத் தெரியாதவர் கிடையாது. கைவிலங்கு, சங்கிலி, பூட்டிய பெட்டி, எதில் அடைத்தாலும் வெளியே வந்துவிடுவார். இன்றைக்கு அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர் ஜிம் காலின்ஸைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

முதலில் அந்தத் தண்ணீர்த் தொட்டி. 1912 செப்டம்பரில் பெர்லினில், புஷ் சர்க்கஸில் அரங்கேறியது. ஹூடினியின் இரண்டு கணுக்காலையும் தொழுமரத்தில், அதாவது கால் நுழைக்க ஓட்டை வைத்த மரச்சட்டத்தில் பூட்டி, தலைகீழாகத் தூக்கி, கண்ணாடி முகப்பு வைத்த தொட்டிக்குள் இறக்குவார்கள். மேலே பூட்டு, சுற்றிலும் திரை. திரைக்குப் பக்கத்தில் உதவியாளர் ஒருவர் கையில் கோடரியோடு நிற்பார். ஏதாவது ஆகிவிட்டால் கண்ணாடியை உடைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஃபிரான்ஸ் குக்கோல் என்ற ஆஸ்திரியக்காரர், பிற்பாடு காலின்ஸ். கூட்டத்துக்குத் திகிலூட்டவும் அந்தக் கோடரி உதவியது, வாஸ்தவம்தான். ஆனால் எத்தனையாவது நொடியில் ஓங்குவது என்று முடிவு செய்ய வேண்டியவரை யோசித்துப் பாருங்கள். அவசரப்பட்டால் வித்தை பாழ், தாமதித்தால் முதலாளி போய்விடுவார்.

காலின்ஸ் அயர்லாந்துக்காரர். நல்ல தச்சர், இயந்திர வேலையும் தெரியும். ஹூடினி மனதில் நினைப்பதை மரத்திலும் இரும்பிலும் செய்து கொடுத்தவர். உதவியாளர்களிடம் ரகசியத்தை வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் எழுதி வாங்கிக்கொள்வார் ஹூடினி.

அப்புறம்தான் அந்த அளவுகோல் விவகாரம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம்.

1924 ஆகஸ்ட், பாஸ்டன். மார்ஜரி என்ற பெண் இறந்துபோன தன் அண்ணன் வால்டரின் ஆவியோடு பேசுவதாகச் சொன்னார். உண்மையான ஆவி என்று நிரூபித்தால் 2,500 டாலர் தருவதாக ஓர் அறிவியல் பத்திரிகை அறிவித்திருந்தது. சோதிக்கும் குழுவில் ஹூடினியும் ஒருவர். ஏமாற்ற முடியாதபடி, தலையும் கையும் மட்டும் வெளியே நீட்டும்படி ஒரு மரப்பெட்டி செய்து அதில் மார்ஜரியை உட்காரவைத்தார். இருட்டில் வால்டரின் குரல் ஹூடினியைக் கண்டபடி திட்டியது: மார்ஜரியை மாட்டிவிடப் பெட்டிக்குள் நீ அளவுகோல் வைத்திருக்கிறாய் என்று. திறந்து பார்த்தால் தச்சர்கள் வைத்திருக்கும் மடக்கு அளவுகோல்!

பழி காலின்ஸ் பக்கம் திரும்பியது. தன் அளவுகோல் பையிலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். ஹூடினி அவரைத் தாய்மேல் சத்தியம் செய்யச் சொன்னார், செய்தார். ஆனால் 1959இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு, பின்னாளில் காலின்ஸ் சிரித்துக்கொண்டே, நான்தான் போட்டேன், முதலாளி போடச் சொன்னார் என்று ஒத்துக்கொண்டதாகச் சொல்கிறது. அது செவிவழிச் செய்தி, நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் அவர் செய்த சத்தியத்தையும் முழுசாக நம்ப முடியவில்லை! முதலாளிக்காக எதையும் மறைப்பார் என்றுதானே இத்தனை வருடம் அவரை வைத்துக்கொண்டார்கள்? அந்த விசுவாசமே அவர் சாட்சியத்தைச் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது.

1926 ஆகஸ்டில் நியூயார்க் ஷெல்டன் ஹோட்டல் நீச்சல்குளத்தில், மூடிய பெட்டிக்குள் 91 நிமிடம் இருந்தார் ஹூடினி. உள்ளே ஒரு தொலைபேசி, மறுமுனையில் காலின்ஸ். அக்டோபர் 11 அன்று ஆல்பனியில் தொட்டிக்கு மேல் தூக்கும்போது தொழுமரம் குலுங்கி ஹூடினியின் கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்த மாதம் 31ஆம் தேதி டெட்ராய்ட்டில் குடல்வால் வெடித்துச் சீழ் பரவி இறந்துபோனார்.

மேடைச் சாமான்கள் தம்பி ஹார்டீனுக்குப் போயின. பெட்டி கைக்கு வந்தால் போதுமா, மாட்டத் தெரிந்த ஆள் வேண்டாமா? காலின்ஸும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தார்.

சரி, சார்ஜ் 4 சதவீதம்தான் இருக்கிறது. அளவுகோலைப் போட்டது யார் என்று கீழே எழுதுங்கள், வரேன்.